காணாமல்போன நூற்றெண்பது மில்லிலீற்றர்

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் குசினியில், தண்ணீர் குடிக்கிற கிளாஸ்கள் எல்லாவற்றிலும் இப்போது ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. அழியாத மையால் போட்ட கோடு. விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே. ஒரு மாதத்துக்கு முன் அது இல்லை. அந்தக் கோட்டுக்குக் காரணம் நான்தான் என்று அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஒருமுறை சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. பேச்சு அதைவிடப் பழக்கமில்லை.

அனலைதீவில் பிறந்தவன் நான். சாதாரண தரப் பரீட்சைவரை படித்தேன். நோர்வேக்கு வந்து இருபத்துநான்கு வருடங்கள். இங்கேயும் ஒரு தீவில்தான் இருக்கிறேன், ஆனால் இது பாலம் போட்ட தீவு. முதலில் மீன் தொழிற்சாலையில் நின்றேன். முதுகு ஏலாமல் போன பிறகு, ஏழு வருடமாக இந்த இல்லத்தில் உதவியாளன். வயதானவர்களைக் குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு, தண்ணீர் கொடுப்பது என் வேலை. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலைதான். இந்த வருடம் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

வந்த புதிதில் ஒரு படிவத்தில் உயரம் கேட்டிருந்தார்கள். எனக்கு என் உயரம் அடியிலும் அங்குலத்திலும்தான் தெரியும். ஐந்து அடி நாலு அங்குலம். 5.4 என்று எழுதிக் கொடுத்தேன். கந்தோரில் இருந்த பெண் படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தார். ஐந்து மீற்றருக்கு மேல் உயரமான ஒரு ஆள் இந்த அறைக்குள் எப்படி வந்தான் என்று யோசித்திருப்பார். ஆனால் சிரிக்கவில்லை. என்னைக் கதவு நிலையோடு நிறுத்தி, நாடாவால் அளந்து, 163 சென்ரிமீற்றர் என்று தானே திருத்தி எழுதினார். அன்றைக்கு வெட்கத்தில் அதிலும் குறைந்திருப்பேன்.

இத்தனைக்கும் அளவுகளை மாற்றுவது எப்படி என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் நன்றாகவே படிப்பித்திருந்தார்கள்.

2

ஏழாம் ஆண்டில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் கமலா ரீச்சர். ஊர்காவற்றுறையிலிருந்து காலை வள்ளத்தில் வருவார். கடல் கொஞ்சம் பெரிதாக இருந்த நாட்களில் சீலையின் கீழ்க்கரை நனைந்தபடியே வகுப்புக்குள் வருவார். இரண்டாம் பாடம் முடிவதற்குள் அது காய்ந்து உப்புக்கோடு விழுந்துவிடும்.

அளவுகளைப் படிப்பிக்க, அவர் பள்ளிக்கூட விறாந்தையில் வெண்கட்டியால் ஏழு கோடு கீறினார். கிலோ, ஹெக்ரோ, டெக்கா. நடுவில் மீற்றரோ லீற்றரோ கிராமோ, எது வேண்டுமோ அது. பிறகு டெசி, சென்ரி, மில்லி. ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குப் பாய்ந்தால் ஒரு பூச்சியம். கீழே போகும்போது பூச்சியத்தைச் சேர்க்க வேண்டும், மேலே வரும்போது எடுக்க வேண்டும். லீற்றரிலிருந்து மில்லிலீற்றருக்குப் போக மூன்று பாய்ச்சல், மூன்று பூச்சியம், ஆயிரம். எல்லோரும் சத்தம்போட்டுக்கொண்டு பாய்வார்கள். பெண்பிள்ளைகளும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பாய்வார்கள். நான் சுவரோடு நிற்பேன். எல்லோரும் பார்க்கிறபோது எனக்குக் கால் எழும்பாது.

"சிவபாலன், நீர் ஏன் நிக்கிறீர்? பாயும்" என்பார் ரீச்சர்.

"இவன்ரையையும் நானே பாயிறன் ரீச்சர்" என்று யோகன் ஓடி வருவான். எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவன். என் பங்கைப் பாய்ந்துவிட்டு, திரும்பிப் பார்த்து, "டேய், உனக்கு ஆயிரம் கிடைச்சிருக்கு" என்பான்.

ஒருநாள் அவன் டெசியில் நின்றுகொண்டு கேட்டான். "ரீச்சர், டெசிலீற்றர் எண்டு ஆர் சாமான் விக்கிறவை?"

கேள்வி நியாயமானது. எங்கள் ஊரில் நல்லெண்ணெயும் மண்ணெண்ணெயும் பாலும் போத்தல் கணக்கு. போத்தல் என்றால் ஒரு லீற்றர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அளந்து பார்த்தபோது எழுநூற்றைம்பது மில்லிலீற்றர் வந்தது. கடைக்காரர் எல்லோரும் கள்ளர் என்று அன்றைக்கு வகுப்பு முழுவதும் ஒரே கொதிப்பு. போத்தலின் அளவே அதுதான் என்று விளங்கவைக்க ரீச்சருக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. டெசிலீற்றரை மட்டும் எந்தக் கடையிலும் ஒருவரும் காணவில்லை.

"ஒருத்தரும் விக்கிறேல்லை. அது சோதினைக்கு மட்டும்" என்றார் ரீச்சர். "ஆனா அந்தக் கோட்டை விட்டிட்டுப் பாய்ஞ்சா ஒரு பூச்சியம் குறைஞ்சு போயிடும் பாரும்."

நோர்வேக்கு வந்து பார்த்தால், சோதினைக்கு மட்டும் இருந்த டெசிலீற்றர் இங்கே எல்லாக் குசினியிலும் இருக்கிறது. மா இத்தனை டெசிலீற்றர், பால் இத்தனை டெசிலீற்றர் என்றுதான் பிள்ளைகளின் சமையல் புத்தகத்திலும் பாண் மாப் பைக்கற்றிலும் போட்டிருக்கும். எங்கள் வீட்டிலும் டெசிலீற்றரும் மில்லிலீற்றரும் கோடு போட்ட பெரிய அளவுக் கோப்பை ஒன்று ஆணியில் தொங்குகிறது. நான் முதன்முதலில் அதைக் கையில் எடுத்த அன்று, விறாந்தையில் அந்தக் கோட்டில் நின்று கேள்வி கேட்ட யோகனைத்தான் நினைத்தேன்.

3

இல்லத்தில் நான் பார்க்கிறவர்களில் ஒருவர் ஆர்னே. வயது எண்பத்துநான்கு. மீன்பிடிக் கப்பலில் தலைவராக இருந்தவர். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஏழு வருடமாகியும் அந்தப் பெயரைச் சொல்லும்போது என் குரல் தானாகத் தணிந்துவிடும். அதனால் அவருக்கு நான் கூப்பிடுவது கேட்பதில்லை. "இன்னும் பலமாகச் சொல், நான் சின்ன வயசில் இயந்திர அறையில் நின்றவன்" என்பார்.

அவருடைய இதயம் பலவீனமானது. தண்ணீர் கூடினால் காலும் நெஞ்சும் வீங்கும். ஒரு நாளைக்குப் பதினைந்து டெசிலீற்றர், அதற்கு மேல் கூடாது என்று அண்மையில்தான் வைத்தியர் எழுதியிருந்தார். கோப்பியும் சூப்பும் அதற்குள்தான். அவருடைய அறைக் கதவின் உள்பக்கம் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்தால் ஒன்றரை என்று எழுத வேண்டும். கிளாஸ் என்றால் ஒன்றரை. அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், அப்படித்தான் நான் எழுதினேன். என் நேரத்தில் ஆறு கிளாஸ். ஆறு ஒன்றரை ஒன்பது.

காலையில் அவரை நிறுக்க வேண்டும். போன மாதம் நான் தொடர்ந்து நாலு நாள் காலை வேலைக்கு நின்றேன். அந்த நாலு நாளில் அவருடைய நிறை இரண்டு கிலோ கூடிவிட்டது. சப்பாத்து ஏறவில்லை. படுத்தால் மூச்சு இழுத்தது. பட்டியலைப் பார்த்தால் ஒரு நாளும் பதினைந்தைத் தாண்டவில்லை.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான தாதி இங்கர், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் சொன்னார். "பட்டியல் சரி, நிறை பிழை. அப்படியென்றால் அவர் குளியலறைக் குழாயில் ஒருவருக்கும் தெரியாமல் குடிக்கிறார். திங்கட்கிழமை குழாய்காரரைக் கூப்பிட்டு அந்தக் குழாயைப் பூட்டப்போகிறோம். அதற்குப் பிறகும் கூடினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான்."

ஆர்னேயிடமும் கேட்டார்கள். இல்லை என்றார். மறுபடியும் கேட்டபோது பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அன்று மத்தியானம் நான் அவருக்கு முதுகு துடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"என் கப்பலில் பதினொரு பேர். ஒருவனுடைய தண்ணீரையும் நான் ஒருநாளும் பூட்டியதில்லை. கடைசியில் முகம் கழுவவும் ஆளைக் கேட்க வேண்டுமா?"

ஒரு கிளாஸ் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். பட்டியலில் ஒன்றரை என்று எழுதினேன்.

4

தண்ணீர்க் கணக்கு ஒத்துவரவில்லை, ஒருவர் மேல் பழி விழுகிறது. வேலை முடிந்து பாலத்தால் பஸ்ஸில் வரும்போது, இது நான் ஏற்கெனவே இருந்து பார்த்த இடம் என்று பட்டது.

எங்கள் பள்ளிக்கூடக் கிணறு உப்பு. கை, கால் கழுவ மட்டும் உதவும். குடிக்கிற தண்ணீர் ஊரின் மற்ற அந்தத்தில் இருந்த நல்லதண்ணீர்க் கிணற்றிலிருந்து வர வேண்டும். சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் கட்டி யாராவது கொண்டுவந்து வைப்பார்கள். மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் அளவுச்சாடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இருநூற்றைம்பது மில்லிலீற்றர்க் கண்ணாடிச் சாடி. ரீச்சர் அதை அலுமாரியில் துணி சுற்றிப் பூட்டி வைத்திருப்பார். சாடிக்குள் தண்ணீர் மட்டமாக நிற்காது, ஓரங்களில் ஏறி நடுவில் பிறை போல வளைந்திருக்கும். அதன் பெயர் பிறையுரு. கண்ணைத் தண்ணீரின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறையின் அடியைத்தான் வாசிக்க வேண்டும். வகுப்பில் அதைப் பிழையில்லாமல் வாசிக்கிறவன் யோகன் ஒருவன்தான். முழங்காலை மடித்து, ஒரு கண்ணை மூடி, மூச்சையும் பிடித்துக்கொண்டு பார்ப்பான். அந்தச் சாடியைத் தொடுகிறபோது மட்டும் அவனுக்குப் பகிடி வராது.

ஒருநாள் ரீச்சர் நல்ல தண்ணீரைச் சாடியால் நாலு முறை அளந்து ஒரு அலுமினியக் கேத்திலுக்குள் ஊற்றினார். சரியாக ஆயிரம் மில்லிலீற்றர். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்று இடைவேளைக்குப் பிறகு காட்டுவதாக இருந்தார். யோகனையும் என்னையும் காவலுக்கு வைத்தார்.

"ஒருத்தரையும் கிட்ட விடக்கூடாது. உங்கள் ரெண்டு பேரையும் நம்பித்தான் விட்டிட்டுப் போறன்" என்றார்.

யோகன் முதலில் வெளியே போய் வந்தான். அவன் போன நேரம் நான் தனியே இருந்தேன். சரியான வெயில் காலம். குடிக்கிற தண்ணீர் அன்றைக்கு வழமையிலும் முந்தி முடிந்துபோயிருந்தது. கேத்திலைத் தூக்கி, அண்ணாந்து, மூன்று மடக்குக் குடித்தேன். மூன்றே மூன்று. சட்டையின் முன்பக்கம் கொஞ்சம் நனைந்தது. அவன் திரும்பி வந்ததும் நான் கை கழுவப் போனேன்.

இடைவேளை முடிந்து யோகன் அளந்தான். இருநூற்றைம்பது. இருநூற்றைம்பது. இருநூற்றைம்பது. நாலாவது முறை கேத்தில் காலியான பிறகும் சாடி நிறையவில்லை.

"எவ்வளவு?"

"எழுபது, ரீச்சர்."

"வடிவாப் பாரும்."

அவன் மறுபடியும் முழங்காலை மடித்துப் பார்த்தான். "எழுபதுதான் ரீச்சர்."

ரீச்சர் பலகையில் கழித்தார். நூற்றெண்பது. அதைச் சுற்றி வட்டம் போட்டார். "நூற்றெண்பது மில்லிலீற்றர் எங்கை? கேத்தில் ஓட்டையோ? இல்லாட்டி உம்மடை கண் ஓட்டையோ?"

வகுப்பு சிரித்தது. யோகன் தலையைக் குனிந்துகொண்டான். காது சிவந்துபோனது.

"குடிச்சீரோ?"

அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எழுந்து நின்று 'நான்தான் ரீச்சர்' என்று சொல்ல எனக்கு இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லும் தொண்டை வரைக்கும் வந்தன. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே நின்றுவிட்டன.

"இனி நீர் அளவுச்சாடியைத் தொடக்கூடாது" என்றார் ரீச்சர். பிறகு சாடியைத் துடைத்து என் கையில் தந்தார். "சிவபாலன், இனி நீர் வாசியும். நீர்தான் சத்தம்போடாத பிள்ளை."

அந்த வருடம் முடியும்வரை நான்தான் பிறையுரு வாசித்தேன். யோகன் பின்வாங்கில் இருந்து நான் சொல்கிறதை எழுதினான். அவன் என்னோடு பேசாமல் விடவில்லை. வழமைபோல என் பங்கையும் பாய்ந்தான். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

5

சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. புல்லு வெட்டிவிட்டுக் களைத்துப்போய் வந்து குசினிக் கதிரையில் இருந்தேன். என் மகள் துளசி, பதினேழு வயது, தானாகவே தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதற்கே நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் அவள் அறைக் கதவு பூட்டித்தான் இருக்கும். நான் தமிழில் கேட்பேன், அவள் நோர்வே மொழியில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் பாதி விளங்கும். ஆனால் நான் பார்த்தது கிளாஸைத்தான். அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் நின்றது.

"இதென்ன பிள்ளை, பூனைக்கோ வைச்சனீ?"

"ஏனப்பா? தண்ணிதானே."

"வந்த ஆளுக்கு இப்பிடிக் குறைச்சோ குடுக்கிறது?"

"நீங்கள் வந்த ஆள் இல்லை, அப்பா" என்றாள். பிறகு சிரித்தாள். "நீங்கள் முட்ட முட்ட வாப்பீங்கள். அம்மா பின்னாலை மேசை துடைப்பா. வேலையிலையும் இப்பிடித்தானோ வாக்கிறனீங்கள்?"

நான் கிளாஸைத் தூக்கினேன். கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றுவிட்டது.

ஊரில் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வள்ளத்தால் இறங்கி வெயிலில் நடந்து வருகிற ஆளுக்கு முதலில் கொடுப்பது தண்ணீர். செம்பு விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும், தூக்கும்போது கொஞ்சம் சிந்த வேண்டும். அவ்வளவு தூரம் போய்க் கொண்டுவருகிற தண்ணீர் என்பதால்தான் அப்படி. குறைத்துக் கொடுத்தால் 'தண்ணிக்குக் கணக்குப் பாக்கிற வீடு' என்று பெயர் வந்துவிடும். அந்தப் பெயர் வந்த வீட்டுக்குப் பிறகு ஒருவரும் போகமாட்டார்கள். என் கைக்கு வேறு விதமாக வார்க்கத் தெரியாது. ஏழு வருடமாக அந்த இல்லத்தில் எல்லோருக்கும் நான் அப்படித்தான் வார்த்துக் கொடுத்திருக்கிறேன். ஒன்றரை என்று எழுதியும் இருக்கிறேன்.

"துளசி, அந்த அளவுக் கோப்பையை எடு" என்றேன்.

இல்லத்தில் உள்ளதும் எங்கள் வீட்டில் உள்ளதும் ஒரே கடைக் கிளாஸ்தான். நான் வழமைபோல நிரப்பினேன். அவள் அதைக் கோப்பைக்குள் ஊற்றினாள். குனிந்து, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். அப்படிப் பார்க்க அவளுக்கும் யாரோ படிப்பித்திருக்கிறார்கள்.

"இரண்டு டெசிலீற்றர் முப்பது மில்லி" என்றாள்.

பழைய கடித உறை ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு கிளாஸுக்கு எண்பது மில்லிலீற்றர் கூட. ஆறு கிளாஸ், நானூற்றெண்பது. நாலு நாள், ஆயிரத்துத் தொளாயிரத்து இருபது. பிறகு மூன்று கோடு மேலே பாய வேண்டும், மூன்று பூச்சியத்தை எடுக்க வேண்டும். ஒன்று தசம் ஒன்பது இரண்டு லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோகிராம் என்று அதே கமலா ரீச்சர்தான் சொல்லித் தந்தவர்.

கிட்டத்தட்ட இரண்டு கிலோ. ஆர்னே குழாயில் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

துளசி உறையைப் பார்த்தாள். "அப்பா, இதைச் சொன்னால் உங்கடை நிரந்தர வேலை?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"தெரியாது பிள்ளை."

"சொல்லாட்டி?"

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது.

6

திங்கட்கிழமை காலைக் கூட்டம் எட்டு மணிக்கு. குழாய்காரர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. சொல்ல வேண்டியதை நோர்வே மொழியில் ஒரு தாளில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். ஆறு பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள். இங்கர் "வேறு ஏதாவது?" என்று கேட்டபோது நான் எழுந்து நின்றேன். பாடமாக்கியதில் முதல் சொல்லே வரவில்லை. ஏழாம் ஆண்டில் நின்ற அதே இடத்தில் சொல் நின்றது.

பேச்சு வராது என்று விளங்கியது. அதனால் குசினிக்குப் போனேன். ஒரு கிளாஸும், ஒரு ஜாடித் தண்ணீரும், வீட்டிலிருந்து கொண்டுவந்த அளவுக் கோப்பையும் எடுத்துவந்து மேசையில் வைத்தேன். கிளாஸை நான் எப்போதும் நிரப்புகிற மாதிரி நிரப்பினேன். அதைக் கோப்பைக்குள் ஊற்றினேன். கோப்பையை இங்கருக்கு முன்னால் தள்ளினேன்.

இங்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். பிறகு என்னை.

"ஒவ்வொரு முறையுமா?"

"ஓம்" என்றேன், தமிழில். பிறகு அவர்களுடைய மொழியிலும் சொன்னேன்.

"ஏன்?"

"எங்கள் ஊரில் குறைத்துக் கொடுப்பதில்லை."

என்னோடு வேலை செய்யும் பெரிய உடம்புக்காரி ஒருத்தி மேசையில் அடித்துச் சிரித்தாள். "அதுதானே பார்த்தேன்! சிவா வேலை செய்கிற நாட்களில் மட்டும் எல்லோரையும் இரண்டு தரம் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது!"

இங்கர் சிரிக்கவில்லை. உடம்பு அப்படி நேராகக் கணக்குப் பார்க்காது, ஆனாலும் காரணம் தேட இது போதும் என்றார். குழாய்காரருக்குத் தொலைபேசி எடுத்து வரவேண்டாம் என்று சொன்னார். பிறகு ஆர்னேயின் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அவரிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒரு படிவம் தந்தார். பிழை நடந்தால் நிரப்புகிற படிவம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமல் என்ன செய்யலாம் என்று மூன்று கேள்வி. கடைசிக் கேள்விக்கு 'கிளாஸில் கோடு போடலாம்' என்று எழுதினேன். அடுத்த நாளே கோடு வந்துவிட்டது. இந்தப் படிவத்தால் நிரந்தர வேலைக் கடிதம் தடைப்படாது என்று இங்கர் சொன்னார். கடிதம் இன்னும் வரவில்லை. அவர் சொன்னதை நம்பியிருக்கிறேன்.

கோடு போட்ட அன்று ஆர்னேயிடம் போனேன். நடந்ததை அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். நான் கோடு வரை வார்த்த கிளாஸைக் கொடுத்தேன். வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"இந்த வீட்டில் ஒழுங்கான கிளாஸ் தந்தது நீ ஒருவன்தான். அதற்கும் கோடு போட்டுவிட்டாயா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்தடுத்த நாட்களில் வீக்கம் வற்றியது. சப்பாத்து ஏறியது. ஆனால் ஒவ்வொரு முறையும் கிளாஸை வாங்கும்போது கோட்டுக்கு மேலே இருக்கிற வெறும் கண்ணாடியைத்தான் பார்ப்பார்.

7

அந்தக் கிழமை ஒருநாள், வேலை முடிந்து குசினியில் கிளாஸ்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை. ஒரு எண்ணம் வந்தது. அளவுக் கோப்பையில் தண்ணீர் எடுத்து, ஊரில் குடிக்கிற மாதிரி அண்ணாந்து, மூன்று மடக்குக் குடித்தேன். மிச்சத்தைப் பார்த்தேன். தொண்ணூறு மில்லிலீற்றர் குறைந்திருந்தது.

இன்னொரு தடவை குடித்தேன். தொண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவு.

பன்னிரண்டு வயது வாய் இதைவிடச் சின்னது. அப்படியிருக்க நூற்றெண்பது எப்படிக் காணாமல் போனது?

யோகன் இன்னும் அனலைதீவில்தான் இருக்கிறான். வீடு வீடாகக் குடிதண்ணீர் கொடுக்க, உழவியந்திரத்தில் பூட்டிய தண்ணீர்த் தாங்கியை ஓட்டுகிறான். வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் நாங்கள் தொலைபேசியில் பேசுவோம். இது இரண்டும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுத்தேன்.

"டேய் சிவா! என்னடா, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?"

"இல்லையடா. ஒரு விசயம் கேக்கவேணும். ஏழாம் ஆண்டிலை, கமலா ரீச்சரின்ரை கேத்தில்..."

"நூற்றெண்பது" என்றான் உடனே.

இந்த முறை எனக்குச் சொல் வந்தது. "அது நான் குடிச்சனான்ரா."

அந்தப் பக்கம் உழவியந்திரச் சத்தம் நின்றது. நிறுத்திவிட்டான்.

"எவ்வளவு குடிச்சனீ?"

"மூண்டு மடக்கு. இஞ்சை அளந்து பாத்தனான். தொண்ணூறும் வராது."

"அப்ப மிச்சத் தொண்ணூறு?"

"அதைத்தான் உன்னட்டைக் கேக்கிறன்."

அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து இருமினான். "அட கள்ளா! நானும் குடிச்சனான்ரா. நீ கை கழுவப் போன நேரம். ரீச்சர் நூற்றெண்பது எண்டு சொல்ல நான் திகைச்சுப்போனன். என்ரை வாய் இவ்வளவு பெரிசோ எண்டு வீட்டை போய்க் கண்ணாடியிலை திறந்து திறந்து பாத்தனான்."

"அப்ப நான் குடிச்சது உனக்குத் தெரியாதோ?"

"ஆர் கண்டது? நீ சத்தம்போடாத பிள்ளையெல்லோ."

நானும் சிரித்தேன். ஆனால் சிரித்து முடிந்ததும் சொன்னேன். "தண்ணி பாதிப்பாதி சரி. சாடி எனக்குத்தானே கிடைச்சது."

"ஓம்" என்றான். "அது எனக்கு ஆசையாத்தான் இருந்தது." அவ்வளவுதான் சொன்னான்.

பிறகு நான் ஆர்னேயின் கதையைச் சொன்னேன். நிறை கூடியதையும், கோடு போட்டதையும், அவர் மேலே இருக்கிற வெறும் கண்ணாடியைப் பார்ப்பதையும் சொன்னேன். யோகன் கவனமாகக் கேட்டான்.

"நான் இஞ்சை ஒரு வீட்டுக்கு ரெண்டு கான் குடுக்கிறனான். முட்டத்தான் நிரப்பிறது. கோடு கீடு ஒண்டும் இல்லை" என்றான். "ஏன்ரா, அங்கை சின்னக் கிளாஸ் இல்லையோ?"

"என்ன?"

"சின்னக் கிளாஸ். அளவு பாத்து எடு. எடுத்துப்போட்டு முட்ட வார். கிழவனுக்கும் நிறைவு, உங்கடை டொக்டருக்கும் கணக்குச் சரி." பிறகு பெருமூச்சு விட்டான். "இது உனக்குத் தெரியேல்லை. சாடியை உன்னட்டைத் தூக்கிக் குடுத்த ரீச்சரைச் சொல்லவேணும்."

இல்லத்தின் அலுமாரியில், நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற சின்னக் கிளாஸ்கள் இருந்தன. எல்லாவற்றையும் அளந்து பார்த்தேன். தடித்த அடி உள்ள ஒரு வகை, விளிம்புவரை நிரப்பினால் சரியாக ஒரு டெசிலீற்றர் பிடித்தது. இங்கரும் குனிந்து வாசித்துப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். என் நேரத்தில் ஆர்னேக்கு ஆறு கிளாஸுக்குப் பதிலாக ஒன்பது சின்னக் கிளாஸ்.

அடுத்த நாள் காலை அதை விளிம்புவரை வார்த்தேன். தண்ணீர் விளிம்புக்கும் மேலே சற்று உப்பி நின்றது. சிந்தாமல் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன். ஆர்னே பார்த்தார். தூக்கினால் சிந்திவிடும் என்பதால், கைகளை மேசையில் ஊன்றி, முகத்தைக் கீழே கொண்டுபோய், முதல் மடக்கைக் குனிந்தபடியே குடித்தார். பிறகு நிமிர்ந்து மீசையைத் துடைத்தார்.

"இது கிளாஸ்" என்றார்.

நான் கதவின் பின்னால் போய்ப் பட்டியலில் ஒன்று என்று எழுதினேன்.